இரண்டு தோளையும் பிடித்தால்

ஆரோக்கியமேரிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூடத் தெரியாது. ஆனாலும் தன் புருஷன் சின்னதுரையின் பைக்கைப் பல வருஷம் பின் சீட்டில் உட்கார்ந்தபடியே ஓட்டியவள் அவள்தான். இது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ஐந்து வீடு தள்ளிக் குடியிருந்து, ஒரே கம்பெனியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பாட்டில் மூடியில் நல்லது கெட்டது பொறுக்குகிற எனக்கே, சின்னதுரை அண்ணன் செத்த பிறகுதான் தெரிந்தது. பெரிய நெருக்கம் என்று நான் பீற்றிக்கொண்டிருந்தேன். அவள் என்னிடமும் மறைத்திருக்கிறாள் என்பதில் எனக்கு இன்றும் கொஞ்சம் கோபம் உண்டு.

அவளை நாங்கள் மைக் மேரி என்போம். அவள் வீட்டில் குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்டால் தெருமுனையில் இருப்பவன் போதும் என்று பதில் சொல்லலாம். புருஷனிடம் பேசும்போது அவர் முன்னால் போய் நின்று முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாள். இத்தனை வயசுக்கு மேலும் என்ன மயக்கம் என்று கிண்டல் செய்வோம். சிரித்துவிட்டுப் போய்விடுவாள். காரணம் வேறு. அண்ணனுக்குக் காது போய்விட்டிருந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரிக்கு இரும்புப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் அவருக்குச் சுத்தியல் பிரிவில் வேலை. அங்கே ஹேமர் ஷாப் என்பார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பை அச்சில் வைத்து, மேலிருந்து டன் கணக்கில் எடையை இறக்குவார்கள். சுவருக்கு வெளியே நின்றாலே நெஞ்சு அதிரும். காதில் செருகிக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுப்பார்கள்தான். அந்தச் சூட்டில், வேர்வையில், அது காதில் நிற்காது. அதோடு, எதிரே இடுக்கி பிடித்து நிற்பவன் கத்துவது காதில் விழாவிட்டால் கை போய்விடும். காதா கையா என்று வந்தால் மனுஷன் கையைத்தான் காப்பாற்றிக்கொள்வான்.

சொல்லியிருக்கலாமே என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். எப்படிச் சொல்வது? அவர் அப்பா அம்மாவும் மேரியின் அப்பா அம்மாவும் அடுத்தவர் நெல் வயலில் காலமெல்லாம் குனிந்தவர்கள். கம்பெனி யூனிஃபார்மைப் போட்ட பிறகுதான் அந்தக் குடும்பங்கள் நிமிர்ந்தன. காது கேட்கவில்லை என்று தெரிந்தால், சத்தம் குறைவான பிரிவுக்கு மாற்றுகிறோம் என்பார்கள். அப்படி மாற்றப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த இடம் அவரவர் வீடு. அண்ணன் அதைக் கண்ணால் பார்த்தவர்.

வருஷா வருஷம் கம்பெனி வாசலில் மருத்துவ வேன் வந்து நிற்கும். உள்ளே கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டிவிடுவார்கள். சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். சத்தத்தை அனுப்புகிற பையன் வெளியே குனிந்து ஒரு சுவிட்சைத் தட்டுவான். அவன் முதுகுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற ஆள் சுவிட்சைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டுவான். உள்ளே இருப்பவர் கண்ணாடி வழியாக அதைப் பார்த்து அமுக்குவார். அண்ணனுக்குத் தலையாட்டியவன் மேரியின் தம்பி அன்புராஜ். அவனுக்கும் அதே பிரிவில்தான் வேலை. ஒவ்வொரு வருஷமும் அண்ணன் நல்ல காதோடு வேனிலிருந்து இறங்கினார்.

ரோட்டில் அப்படி யார் தலையாட்டுவது? அதற்குத்தான் மேரி. கொல்கத்தா நெடுஞ்சாலையில் பின்னால் வருகிற வண்டியின் ஹாரன் கேட்காமல் ஓட்டினால் கதை முடிந்தது. அதனால் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பாஷை பண்ணியிருந்தார்கள். இடது தோளில் தட்டினால் இடப்பக்கம் வண்டி வருகிறது. வலது தோளில் தட்டினால் வலப்பக்கம். இரண்டு தோளையும் சேர்த்துப் பிடித்து அமுக்கினால், பெரிய வண்டி முட்டுகிற மாதிரி வருகிறது, திரும்பிப் பார்க்காதே, முறுக்கு. அவ்வளவுதான். நிறுத்து என்பதற்கு அவர்களிடம் சைகை கிடையாது. நிற்க வேண்டிய காரணம் எதுவானாலும் அது முன்னால் வரும், அவர் கண்ணுக்கே தெரியும், அதற்கு எதற்கு ஒரு சைகை என்று நினைத்திருக்கிறார்கள். அவர் தனியாகப் போகும்போது ஓரமாக, ஊர்ந்துகொண்டு போவார். இவள் ஏறிவிட்டால்தான் ரோட்டு நடுவுக்கு வருவார்.

அன்று சனிக்கிழமை. காலை ஷிஃப்ட் முடித்து வந்து, எங்கள் கம்பெனி கேட்டில் அவளை ஏற்றிக்கொண்டார். மகள் ஷைனி திருவள்ளூரில் நர்சிங் படிக்கிறாள். விடுதியிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கு மீன் வாங்க வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் மேரி போனாள். அண்ணன் தலையில் ஹெல்மெட் இருந்தது. மேரி தலையில் இல்லை. பின்னால் உட்காருபவருக்கும் வேண்டும் என்பது சட்டம். எங்கள் பக்கத்தில் அந்தச் சட்டத்தை மாதக் கடைசியில்தான் கண்டுபிடிப்பார்கள், கேஸ் எண்ணிக்கை குறையும்போது.

புதுவாயல் கூட்டுரோட்டில் சர்வீஸ் ரோடு திரும்புகிற இடத்தில் ஒரு டெம்போ நின்றிருந்தது. அதன் மறைவில் போலீஸ் நின்றிருந்தது. வளைவென்பதால் அண்ணன் வேகத்தைக் குறைத்து, வலது பக்கம் லாரி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கத்திலிருந்து விசில் அடித்தார்கள். அவருக்குக் கேட்கவில்லை. மேரிக்குக் கேட்டது. திரும்புவதற்குள் டெம்போவுக்குப் பின்னாலிருந்து விமல் என்கிற இளவயசுக் காவலன் லத்தியை ஓங்கிக்கொண்டு பாய்ந்து வந்தான். வெறும் தலையோடு உட்கார்ந்திருந்த மேரிக்கு, அடி தன் மேல்தான் விழப்போகிறது என்று தோன்றியது. பயத்தில் மனுஷர் என்ன செய்வார்கள்? எதிரில் இருப்பவரைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு கையாலும் புருஷன் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

அவர் முறுக்கினார்.

பல வருஷமாக அந்தக் கைகளை நம்பி உயிரோடிருந்த மனுஷர். பின்னால் ஏதோ பெரிய வண்டி என்றுதான் நினைத்திருப்பார். வண்டி சீறிக்கொண்டு முன்னே பாய்ந்தது. விமல் பக்கத்திலிருந்து லத்தியை வீசி அடித்தான். அது ஹெல்மெட்டுக்குக் கீழே தொண்டையில் விழுந்தது. மேரி தார் ரோட்டில் உருண்டு முழங்கை தேய்ந்து எழுந்தாள். அவர் எழவில்லை. மூச்சுக்குத் தவித்தவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார். கடைசிவரை அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஏதாவது சொல்வாள் என்று பார்த்தாரோ என்னவோ, தனக்கு வாயே வரவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

போலீஸ் எழுதியது என்ன தெரியுமா? விசில் அடித்தும் நிற்காமல், பணியிலிருந்த காவலர் மீது மோதும் விதமாக வேகமாக ஓட்டி, நிலைதடுமாறிக் கீழே விழுந்து, வண்டியின் கைப்பிடி கழுத்தில் குத்தி இறந்தார் என்று எழுதியது. கைப்பிடி குத்திற்றாம். எங்கள் ஆட்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கமும் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. அதன் பிறகுதான் விமலைச் சஸ்பெண்ட் செய்து, கோட்டாட்சியர் விசாரணைக்கு உத்தரவு வந்தது. உட்காராமல் இருந்திருந்தால் கைப்பிடி குத்திச் செத்தவராகவே அண்ணன் மண்ணுக்குள் போயிருப்பார்.

அதற்குள் ஒரு டீக்கடை கேமராவில் பதிவானது எல்லோர் போனிலும் வந்துவிட்டது. லத்தி வீசியது அதில் தெளிவாகவே தெரிந்தது. அதற்கு முன்னால் வண்டி மெதுவாக வந்து சட்டென்று பாய்வதும் தெரிந்தது. ஊரில் பாதிப்பேர் முதலாவதைப் பார்த்தார்கள், மீதிப்பேர் இரண்டாவதைப் பார்த்தார்கள். நின்றிருந்தால் செத்திருப்பானா, மடியில் கனம் இல்லாதவன் ஏன் ஓடணும் என்று முகம் தெரியாதவர்களெல்லாம் எழுதினார்கள். வண்டியில் கஞ்சா இருந்ததாம், திருட்டு வண்டியாம். மீன் வாங்கப் போன மனுஷர்.

ஷைனி அந்த வீடியோவை மெதுவாக ஓடவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் அம்மாவிடம் கேட்டாள்.

"விசில் கேக்கலன்றது சரிம்மா. ஸ்லோ ஆயிட்டு அப்புறம் ஏன் முறுக்கினாரு? அப்பா இன்னாத்துக்கு ஓடினாரு?"

மேரி அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள். தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று மகள் நினைத்தாள். அப்பாவிடம் உண்மையிலேயே ஏதோ தப்பு இருந்திருக்குமோ என்கிற சந்தேகம் அந்தப் பெண் மனசில் விழுந்துவிட்டது. அது அவள் முகத்திலேயே தெரிந்தது. மேரிக்கும் தெரிந்தது. அவளை அரித்தது அதுதான். புருஷன் போனது போயிற்று, அவர் பெயர் ஓடினவன் என்று நிற்கக்கூடாது, அதுவும் பெற்ற மகள் மனசில் நிற்கக்கூடாது. ஆனால் அதைத் துடைக்க வேண்டுமானால் தன் கையைக் காட்ட வேண்டும். காட்டினால், அப்பாவைக் கொன்றது நீதானா என்று மகள் கேட்டுவிட்டால் என்ன செய்வாள்?

இது போதாதென்று தம்பி அன்புராஜ் வந்தான். விசாரணைக்கு முந்தின நாள். அண்ணனுக்குக் காது நன்றாகக் கேட்டது என்று கம்பெனி போலீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதைச் சொன்னான். வருஷா வருஷம் பரிசோதனையில் தேறினவர் ஆயிற்றே, கம்பெனி பொய் சொல்லவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அக்கா, காதப் பத்தி மட்டும் வாய தொறக்காத. அத்த சொன்னன்னா நாளைக்கே ஷாப்ல அத்தன பேரையும் புதுசா டெஸ்ட் பண்ணுவாங்கோ. அம்மாம் பேரும் ஊட்டுக்குப் போவணும். மாமா இன்னா திரும்பியா வரப்போறாரு?"

அவள் தட்டை எடுத்து வைத்தாள். அவன் சாப்பிடாமல் போனான்.

விசாரணைக்கு நானும் கூடப் போனேன். கோட்டாட்சியர் ஒரு பெண். கடுகடுப்பு இல்லை, கனிவும் இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம் மேரி, ஷைனி, நான். ஓரத்தில் டைப் அடிக்கிறவர். அன்புராஜை அடுத்துக் கூப்பிடுவதாகச் சொல்லிக் கதவருகே பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது.

மேரி எடுத்த எடுப்பிலேயே, தன் புருஷனுக்குக் காது கேட்காது என்று சொல்லிவிட்டாள். கோட்டாட்சியர் கம்பெனியின் தாளைப் புரட்டி, எல்லா வருஷமும் தேறியிருக்கிறாரே என்றார். அது எப்படி என்று மட்டும் தன்னிடம் கேட்க வேண்டாம் என்றாள் மேரி. கோட்டாட்சியர் முகத்தில் நம்பிக்கை போய்விட்டதை நான் பார்த்தேன். கேட்காதவர் என்றே வைத்துக்கொண்டாலும் வண்டி ஏன் வேகமெடுத்தது என்று கேட்டார். வீடியோவில் எல்லோரும் பார்த்ததுதானே.

மேரி எழுந்தாள். ஷைனியை நாற்காலியோடு திருப்பித் தனக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னாள். எதற்கென்று தெரியாமலே ஷைனி உட்கார்ந்தாள். மேரி பின்னால் நின்று அவள் தோளில் இடப்பக்கம் தட்டினாள், வலப்பக்கம் தட்டினாள், ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொன்னாள். பிறகு இரண்டு கையையும் வைத்து அமுக்கினாள்.

"இப்பிடிப் புடிச்சா போன்னு அர்த்தம் மேடம். நிறுத்துன்னு சொல்றதுக்கு எங்ககிட்ட ஒண்ணும் கெடையாது. அந்தப் புள்ள தடிய ஓங்கிக்கினு வந்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. புடிச்சிக்கினேன். அவரு போன்னு சொல்றன்னு நெனச்சிக்கினாரு. அவரு ஓடல மேடம். என் பேச்சக் கேட்டாரு."

ஷைனி திரும்பவில்லை. அம்மாவின் கை தோளில் இருக்கும்போதே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். அழுதாளா, ஆத்திரப்பட்டாளா, எனக்குத் தெரியவில்லை. மேரி கையை எடுத்துக்கொண்டாள்.

டைப் அடிக்கிறவர் வாசித்துக் காட்டினார். "காவலரைக் கண்டதும் வாகனத்தை வேகமாக ஓட்டும்படி நான் என் கணவருக்குச் சைகை செய்தேன்." எனக்கு ரத்தம் கொதித்தது. இதை எழுதிக்கொள்ளத்தானா இவ்வளவு நேரம் கேட்டார்கள்? இதைப் போலீஸ் கையில் கொடுத்தால், ஓடச் சொன்னதே பெண்டாட்டிதான் என்று கேஸையே மூடிவிடுவார்கள். மேரி கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். சைகை செய்யவில்லை, பயத்தில் பிடித்துக்கொண்டேன், அப்படியே எழுதுங்கள் என்றாள். எல்லாம் ஒன்றுதானே என்றார் அவர். ஒன்றில்லை என்று மேரி நின்றாள். கோட்டாட்சியர் தலையசைத்த பிறகு அவர் அலுத்துக்கொண்டே மாற்றி அடித்தார். ஆனால் காது கேட்காது என்பதற்கு ஆதாரம் இல்லையே அம்மா, உங்கள் வார்த்தை மட்டும்தானே என்றார் கோட்டாட்சியர்.

அப்போதுதான் அன்புராஜ் உள்ளே வந்தான். அவனைக் கூப்பிடவில்லை. அக்கா மகளின் தோளைப் பிடித்துக் காட்டியதைக் கதவருகிலிருந்து பார்த்திருக்கிறான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மேடம், அந்த மெடிக்கல் வேன்ல கண்ணாடிக்கு இந்தாண்ட நின்னுக்கினு மாமாவுக்குத் தலையாட்டுனவன் நான்தான்."

கோட்டாட்சியர் அவனைப் பார்த்து ஏதோ கேட்டார். அவன் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். உனக்குக் காது நன்றாகக் கேட்குமா என்று அவர் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"எனக்குத் தலையாட்டுனது மாமா, மேடம்."

மேரி தம்பியைப் பார்த்த பார்வையை நான் எப்படிச் சொல்வேன்? அவளுக்கும் அது அந்த நிமிஷம்தான் தெரிந்திருக்கிறது. சின்ன வயசில் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் சொன்னது அத்தனையும் வாக்குமூலத்தில் ஏறியது. அந்த மாதமே கம்பெனி எல்லோரையும் புதிதாகப் பரிசோதித்தது. அன்புராஜ் இப்போது மணவாள நகரில் ஒரு டைல்ஸ் கடை வாசலில் காவலுக்கு நிற்கிறான். ஹேமர் ஷாப்பில் வேலை போன மற்றவர்களின் வீட்டுப் பெண்கள் மேரியோடு பேசுவதில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று வெளியே வந்தால், நடைபாதையில் விமல் நின்றிருந்தான். அவனையும் வாக்குமூலத்துக்கு வரச்சொல்லியிருந்தார்கள். சாதாரணச் சட்டை, தாடி வளர்ந்திருந்தது. பொதட்டூர்பேட்டைப் பக்கம் நிலம் வைத்திருக்கிற வீட்டுப் பையன் என்று சொல்லியிருந்தார்கள். நல்ல ஆத்திரத்தோடுதான் நான் அவனைப் பார்த்தேன். பார்த்தால் ஒரு வாரம் தூங்காதவன் மாதிரி இருந்தான். அதனால் என் ஆத்திரம் குறைந்துவிடவில்லை. உள்ளே பேசினது அவனுக்கும் எட்டியிருக்க வேண்டும். மேரியைக் கண்டதும் கையைக் கூப்பினான்.

"அம்மா, அவருக்குக் காது கேக்காதுன்னு எனக்குச் சத்தியமா தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா கைய ஓங்கியிருக்கவே மாட்டேன்."

மேரி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மன்னித்துவிடுவாளோ என்றுகூட எனக்குப் பயம் வந்தது. அவள் சாதியும் வேதமும் அப்படித்தான் அவளைப் பழக்கியிருந்தன, யார் கும்பிட்டாலும் பதறிப்போகிறவள்.

"காது கேட்டுதுன்னு வெச்சிக்கோ," என்றாள். "விசில் கேட்டுது, உன்னையும் பாத்தாரு, அபராதத்துக்குப் பயந்துக்கினு ஓடவே ஓடினாரு. அப்ப கொல்லலாமா?"

விமல் கூப்பிய கையை இறக்காமலே நின்றான். அவனை உள்ளே கூப்பிட்டார்கள். அவன் போன பிறகும் மேரி அங்கேயே நின்றிருந்தாள். ஷைனி அதுவரை எங்களைவிட்டுத் தள்ளி, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தாள். மேரி அவளைப் பார்த்துக் கேட்டாள்.

"இத்தினி நாளா நாம இன்னாத்துக்குடி அவரு காதப் பத்தியே பேசிக்கினு இருந்தோம்?"

ஷைனி கிட்டே வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.